கம்ப்யூட்டரை மாற்றும் முன் ஒரு ஒயரை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: நான் திருமங்கலத்தில் இருக்கிறேன். மளிகைக் கடை, உரக்கடை என்று சில கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3, 4 ஜிபி ரேம், இப்போது விண்டோஸ் 10 இருக்கிறது. இரண்டு வருடமாக ஃபைபர் கனெக்ஷன். ரூட்டர் முன் ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பின் ரூமில். அதன் பின்பக்கம் சின்ன வைஃபை ஸ்டிக் ஒன்றைச் செருகியிருக்கிறேன். பத்து நிமிடம், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நெட் கட் ஆகிறது. ஸ்டிக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் வருகிறது. மொபைலில் நன்றாகத்தான் வருகிறது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, லைன் கிளியர், சிஸ்டம்தான் பழசு என்று சொல்லிவிட்டார். சர்வீஸ் கடையில் ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் அதே கதை. மாதம் பிறந்து 20-ம் தேதி நெருங்கினாலே வயிற்றைக் கலக்குகிறது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதியும் பழையதாகக் காட்டும், அதை நானே மாற்றிக்கொள்வேன். புது கம்ப்யூட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

இந்தத் தொல்லைக்காகப் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டாம். இன்றைக்கே ஒன்றை வாங்கி, அதே மேஜையில் வைத்து, அதே ஸ்டிக்கைச் செருகினால், அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கட் ஆகத்தான் செய்யும். நீங்கள் எழுதியிருப்பதையும் படத்தையும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் அந்த ஸ்டிக் மேல்தான். தேதி மாறுவது தனிக் கோளாறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களிடம் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு பேருமே சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. மதுரையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கிற எனக்கு இதுதான் பெரிய வருத்தம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மேல்தொட்டியில் இருக்கிறதா, தெருக் குழாயில் வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்போம், உடனே வீட்டுக் குழாயை உடைக்க மாட்டோம். நெட்டுக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. தெருவிலிருந்து ரூட்டர் வரை ஒரு கண்ணி, ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரு கண்ணி, கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு கண்ணி. எந்தக் கண்ணி அறுகிறது என்று தெரியாமல் காசு செலவழித்தால் அந்தக் காசு வீண்.

முதலில் மொபைல் விஷயம். மொபைலில் நன்றாக வருகிறது என்கிறீர்கள். எல்லோரும் சொல்வது இது, எல்லோரும் ஏமாறுவதும் இதில்தான். வீட்டு வைஃபையில் நெட் வரவில்லை என்றால் இப்போதைய மொபைல்கள் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். வாட்ஸப் வந்துகொண்டே இருக்கும், நாமும் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபை மட்டும் வைத்து, மொபைலைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வையுங்கள். ஹாலில் வைத்துப் பார்ப்பதில் பலன் இல்லை. கம்ப்யூட்டரில் கட் ஆன அந்த நிமிடமே மொபைலில் ஏதாவது ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைலிலும் வரவில்லை என்றால் லைன்மேன் சொன்னது தப்பாக இருக்கலாம், அல்லது அந்த ரூம் வரை வைஃபை ஒழுங்காக வரவில்லை. மொபைலில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் லைன் நல்லது, கோளாறு உங்கள் ரூமுக்குள் இருக்கிறது.

அடுத்த சோதனை இதைவிடத் திட்டவட்டமானது. பயப்பட வேண்டாம், டேலியில் வவுச்சர் போடுகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. விண்டோஸ் பட்டனை அமுக்கி, ஆங்கிலத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்பாக ஒரு விண்டோ திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்பதை, அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்தை, இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஒரு எண் தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அதுதான் உங்கள் ரூட்டரின் விலாசம். இப்போது பிங் என்று ஆங்கிலத்தில் பி, ஐ, என், ஜி என நாலெழுத்து அடித்து, இடம் விட்டு அந்த எண், மறுபடியும் இடம் விட்டு ஒரு சின்னக் கோடு, கோட்டை ஒட்டி டி எழுத்து. என்டர் தட்டினால் நொடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். இதே மாதிரி இன்னொரு கறுப்பு விண்டோ திறந்து, ரூட்டர் எண்ணுக்குப் பதிலாக கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணைப் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நிறுத்த வேண்டுமென்றால் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால் போதும்.

நெட் கட் ஆனதும் இந்த இரண்டையும் பாருங்கள். ரூட்டர் விண்டோ ஒழுங்காக ஓடுகிறது, கூகுள் விண்டோவில் மட்டும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்று வருகிறது என்றால் ரூட்டருக்கு அப்பால் கோளாறு, அது கனெக்ஷன் கொடுத்தவர் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து நின்றால் கோளாறு ரூட்டரிலோ, ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலோ. அதிலும் ஜெனரல் ஃபெயிலியர் என்று வரி வந்தால், கம்ப்யூட்டரிடம் அந்த நேரம் நெட் இணைப்பே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஸ்டிக் தூங்கிவிட்டது, அல்லது அதற்கு மின்சாரம் போதவில்லை. உங்களுக்கு இதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் பிடுங்கிச் செருகினால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரூட்டரைத் தொடாமல், லைனைத் தொடாமல், ஸ்டிக்கை மட்டும் தொட்டால் சரியாகிறது. இதைவிடப் பெரிய தடயம் வேண்டாம்.

இரண்டு விண்டோவும் ஓடுகிறது, ஆனால் ஜிஎஸ்டி தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் அது கட் ஆவதே இல்லை. 20-ம் தேதி 3பி என்கிற மாத ரிட்டர்ன் போடுகிற கூட்டத்தில் அந்தத் தளமே திணறும். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் அதுவாகவே லாக் அவுட் ஆகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டிக்கைப் பிடுங்கினால் இருக்கிற இணைப்பும் போய், ஓடிபியும் போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சரி, ஸ்டிக்குக்கு வருவோம். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிபியு மேஜைக்கு அடியில் இருக்கிறது. அதன் முதுகு சுவரைப் பார்த்து இருக்கிறது, நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. அந்த இடுக்கில், ஒரு விரல் நக அளவு ஸ்டிக். மேஜைக்கு இடதுபுறம், அதாவது ஹால் இருக்கும் திசையில், ஆள் உயர இரும்பு பீரோ. வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பு அதைத் திருப்பி அடித்துவிடும். சிபியுவின் தகரப் பெட்டி ஒன்று, பீரோ ஒன்று, உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரின் கனம் ஒன்று. மூன்றையும் தாண்டி அந்த நக அளவு ஸ்டிக்குக்குச் சிக்னல் வர வேண்டும். இத்தனை நாள் வந்ததே பெரிது.

ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ஸ்டிக்கை மேஜைக்கு மேலே, பீரோ மறைக்காத பக்கம் கொண்டுவாருங்கள். ஒரு மீட்டர் நீளம் போதும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும், திருமங்கலத்திலேயேகூடக் கிடைக்கும். செருகும் இடமும் முக்கியம். சிபியு முன்பக்கத்துத் துளைகள் உள்ளே மெல்லிய ஒயரில் தொங்குகின்றன, பழைய பெட்டிகளில் அவை லூசாகியிருக்கும். பின்பக்கம் மதர்போர்டோடு சேர்ந்த துளையில் செருகுங்கள். அதிலும் நீல நிறத் துளை இருந்தால் அது யுஎஸ்பி 3, அதை விட்டுவிட்டுக் கறுப்புத் துளையில் செருகுங்கள். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குப் பக்கத்திலேயே இரைச்சல் கிளப்பும். கம்ப்யூட்டர் உலகத்தில் இது தெரிந்த விஷயம், ஆனால் விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

இப்போது தூக்கத்தைக் கலைக்க வேண்டும். விண்டோஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று, சும்மா இருப்பதாகத் தோன்றும் கருவிகளை அணைத்துவிடும். லேப்டாப்புக்கு அது தேவை, உங்கள் டெஸ்க்டாப்புக்குத் தேவையே இல்லை. நல்ல ஸ்டிக் என்றால் கூப்பிட்டதும் விழித்துக்கொள்ளும். மலிவான ஸ்டிக்கும், அதை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருள் பழையதாக இருப்பதும் சேர்ந்தால் விழிக்கவே விழிக்காது, பிடுங்கிச் செருக வேண்டியதுதான். நீங்கள் பில்லைப் பார்த்து டேலியில் எழுதிக்கொண்டிருக்கிற பத்து நிமிடம் நெட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து அது தூங்கப் போகிறது.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்தால் ஸ்டிக்கின் பெயர் பெரும்பாலும் வயர்லெஸ் என்ற சொல்லோடு இருக்கும். அதன் ப்ராப்பர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்று கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுக்கிற வரி அங்கே முதலில் இருக்கும், டிக் போட்டபடி. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யுஎஸ்பி செட்டிங்ஸை விரித்தால் செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும். அதை டிஸேபிள் செய்யுங்கள். அதே பட்டியலில் வயர்லெஸ் அடாப்டர் என்பதையும் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். முடிந்ததும் ஒரு முறை ரீஸ்டார்ட்.

ஃபார்மட் ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஃபார்மட் செய்தால் இந்த டிக் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கோளாறு செட்டிங்ஸிலும் ஸ்டிக் இருக்கும் இடத்திலும் இருக்கும்போது, விண்டோஸைப் புதிதாகப் போடுவதால் என்ன ஆகும்? வேலைதான் கெடும். நெட் கட் ஆகிறது என்று வருகிற ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ஃபார்மட் செய்கிற பழக்கத்தைச் சர்வீஸ் கடைக்காரர்கள் விட வேண்டும். டேலி டேட்டாவைப் பறிகொடுத்துவிட்டு நின்ற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இனி யார் ஃபார்மட் என்று சொன்னாலும், டேட்டா முழுவதையும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே கம்ப்யூட்டரைக் கொடுங்கள்.

ரூட்டர் பக்கமும் இரண்டொரு விஷயம் உண்டு. இப்போதைய ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலையில் பேசும். நக அளவு ஸ்டிக்குகள் பெரும்பாலும் 2.4 மட்டும் தெரிந்தவை. உங்கள் மொபைல் 5-ல் சுகமாக இருக்கும்போது, கம்ப்யூட்டர் 2.4-ல் அக்கம்பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு இடித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4-ல்தான் இரையும். லைன்மேன் அடுத்த முறை வரும்போது, 2.4-க்கும் 5-க்கும் வேறு வேறு பெயர் வைக்கச் சொல்லுங்கள். 2.4-ஐ ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் கூட்டம் குறைந்த சேனலில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தியாவில் 13 சேனல் வரை அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்கக் கணக்குக்குச் செய்த சில பழைய ஸ்டிக்குகளுக்கு 11-க்கு மேல் கண் தெரியாது. ரூட்டர் தானாக 12-க்கோ 13-க்கோ தாவினால் வைஃபை பெயரே காணாமல் போகும். வைஃபை செக்யூரிட்டியில் டபிள்யூபிஏ 3 என்ற புது முறையையும் கலந்து வைத்திருந்தால், டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ் என்று மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்டிக்குகள் அந்தக் கலப்பில் தடுமாறும்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். ஆனால் என் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் நான் செய்வது வேறு. ஸ்டிக்கையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒயர் இழுத்துவிடுவேன். மற்றவர்களின் கணக்கையும் வரியையும் கையில் வைத்திருக்கிறவர் வைஃபையை நம்பி உட்கார வேண்டியதில்லை. 2013 போர்டில் பின்பக்கம் லேன் துளை கட்டாயம் இருக்கும், பழைய டெலிஃபோன் துளையைவிடச் சற்று அகலமாக. ரூட்டரின் பின்பக்கமும் அதே மாதிரித் துளைகள் வரிசையாக இருக்கும்.

ஹாலிலிருந்து பின் ரூமுக்குச் சுவர் ஓரமாக, கதவு நிலையைச் சுற்றி நூல் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் இரண்டு மீட்டர் சேர்த்து, கேட் 6 கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர் வரை இந்தக் கேபிள் நெட்டை ஒழுங்காகக் கொண்டுபோகும், உங்கள் வீட்டு நீளம் அதற்கு ஒன்றுமே இல்லை. வாங்கும்போது சுத்தச் செம்பா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேளுங்கள். பூசியது விலை குறைவு, ஆனால் மடங்கினால் உள்ளே எளிதில் முறிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நெட் மட்டும் வந்து வந்து போகும். கடையிலேயே இரண்டு முனையிலும் கனெக்டர் அடித்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கனெக்டரின் சின்னக் கிளிப் உடையாமல் இருக்க வேண்டும், அது துளையில் டிக் என்று மாட்டினால்தான் பிடிப்பு.

கேபிளைக் கரண்ட் ஒயர் போகிற அதே பைப்புக்குள் விடாதீர்கள், தனியாகப் போக வேண்டும். தரையோடு விட்டால் எலி கடிக்கும், அதனால் சன்னமான பிவிசி பைப்பிலோ கேஸிங்கிலோ போட்டுவிடுங்கள். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. மாட்டியதும் கம்ப்யூட்டர் பின்னால் துளை ஓரம் இரண்டு விளக்கு மினுக்கும். ஒயரில் நெட் வந்துவிட்டால், இரண்டு கறுப்பு விண்டோவையும் மறுபடி ஓடவிடுங்கள். ரூட்டர் விண்டோவில் நேரம் 1 மில்லி செகண்டுக்குக் கீழே சீராக நிற்க வேண்டும். வைஃபையில் அது 3, 80, 400 என்று எகிறிக் குதித்ததைப் பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்தாலே நிம்மதியாக இருக்கும்.

ஒருவேளை சோதனையில் லைன் பக்கமோ ரூட்டர் பக்கமோ கோளாறு என்று தெரிந்தால், கட் ஆகும்போது ரூட்டர் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்லா விளக்கும் அணைந்து மறுபடியும் ஒவ்வொன்றாக வந்தால் அது கரண்ட் பிரச்சினை. மதுரை ஆனையூரில் ஒரு வீட்டில் தினமும் காலையில் நெட் போய்க்கொண்டிருந்தது. மேல்தொட்டிக்குப் போர் மோட்டார் போடுகிற நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வீட்டில் வோல்டேஜ் ஒரு நொடி தாழும். ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பழசாகித் தளர்ந்திருந்ததால் அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாமல் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அடாப்டரை மாற்றி, ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்ததும் நின்றது. உங்கள் வீட்டிலும் டிவி, செட்டாப் பாக்ஸ், ரூட்டர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கினால், ரூட்டரை மட்டும் சுவர் பிளக்குக்கு மாற்றுங்கள். செட்டாப் பாக்ஸ் மேல் ரூட்டரை வைக்காதீர்கள். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில், கீழே ஒரு சூடு, மேலே ஒரு சூடு என்றால் எந்த ரூட்டரும் படுத்துவிடும்.

பவர் விளக்கு எரிந்தபடி எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. சுவரிலிருந்து பெட்டிக்கு வருகிற மெல்லிய மஞ்சள் ஒயர் எங்காவது ஒடிந்த மாதிரி மடங்கியிருக்கிறதா, பீரோவுக்கோ ஜன்னல் கதவுக்கோ நடுவில் நசுங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, சுருக்கி மடக்கினால் வெளிச்சம் வழியிலேயே சிந்திவிடும். அதைக் கழற்றாதீர்கள், முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். லைன்மேனிடம் பவர் மீட்டர் இருக்கும். எத்தனை டிபிஎம் வருகிறது என்று கேளுங்கள், ஃபைபரில் வந்துசேரும் வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது இந்தப் பெட்டிகளின் எல்லை. அதை நெருங்கிக்கொண்டிருந்தால், மழையும் காற்றும் அடிக்கிற நாளில் கட் ஆகத்தான் செய்யும். லைன் கிளியர் என்ற வாய்வார்த்தைக்குப் பதில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புகாரை லைன்மேனின் மொபைலில் மட்டும் சொல்லாமல் கனெக்ஷன் நிறுவனத்தின் புகார் எண்ணில் பதிந்து, டாக்கெட் நம்பர் என்கிற புகார் பதிவு எண்ணை வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ம் ஆண்டு விதிமுறை அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

அப்புறம் அந்தத் தேதி. போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரிகளில் அதுவும் ஒன்று. போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். 2013 கம்ப்யூட்டரில் அது செத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை. பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் ஒரு தேதியில் நின்றுகொண்டு பார்த்தால், இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே என்று கதவைச் சாத்திவிடும். கனெக்ஷன் பாதுகாப்பானது இல்லை என்று பிரவுசர் பயமுறுத்தும். ஜிஎஸ்டி தளம், பேங்க் தளம், மெயில் எல்லாம் ஒரே நேரத்தில் படுக்கும். பிங் மட்டும் இரண்டு விண்டோவிலும் ஓடிக்கொண்டிருக்கும். நெட் போய்விட்டது என்று நீங்கள் நினைத்த காலைகளில் சிலவற்றுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும். பேட்டரி விலை மிகக் குறைவு, மாற்ற ஐந்து நிமிடம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்கிற அன்றைக்கே உள்ளே படிந்திருக்கும் தூசியையும் ஊதச் சொல்லிவிடுங்கள்.

புது கம்ப்யூட்டர் என்றைக்குமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். உங்கள் ஐ3-ல் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை அது பொதுவாக ஏற்பதில்லை. ஆதரவு நின்றதால் நெட் கட் ஆகாது. ஆனால் பல கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு, பேங்க் லாகின் எல்லாம் புழங்குகிற கம்ப்யூட்டர், பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வருடக் கணக்கில் ஓடுவது சரியில்லை. அந்தக் கடைக்காரர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் இன்றைக்கே அழித்துவிட்டு, ஒரு நோட்டில் எழுதிப் பூட்டிவையுங்கள். புது கம்ப்யூட்டருக்கு மாதா மாதம் கொஞ்சம் எடுத்துவைக்க ஆரம்பியுங்கள், அவசரத்தில் கடன் வாங்கி வாங்காதீர்கள். அது வரைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகக் கூடும், புது கம்ப்யூட்டர் வாங்கும்போது அதையும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளை 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர் 1 முடிந்த கையோடு, வேலை இளகிய நாளில் செய்யுங்கள். 19-ம் தேதி ராத்திரி எதையும் கழற்றாதீர்கள். இந்த மாதம் அதற்குள் ஒயர் இழுக்க முடியவில்லை என்றால், 20-ம் தேதிக்கு வேறு வழி இருக்கிறது. மொபைலின் சார்ஜர் கேபிளையே கம்ப்யூட்டரில் செருகுங்கள். மொபைல் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்கிற இடத்தில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்தால், மொபைலின் நெட் கேபிள் வழியாகவே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வைஃபை ஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிடலாம். ரிட்டர்ன் போடுவதற்கு டேட்டா அதிகம் ஆகாது. விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து டேட்டாவைத் தின்னாமல் இருக்க, நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பை மீட்டர்டு என்று மாற்றிவிடுங்கள். ஓடிபி வருகிற சிம் அதே மொபைலில் இருந்தாலும், கேபிளில் இருக்கும்போதே மெசேஜ் தாராளமாக வரும்.

அப்படி டெதரிங்கில் ஒரு மணி நேரம் ஒரு கட்டும் இல்லாமல் வேலை ஓடினால், அதையும் எனக்கு எழுதுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் மேல் குற்றமே இல்லை என்பதற்கு அது நேர் சாட்சி, அதன் பிறகு நாம் பேச வேண்டியது ஸ்டிக்கையும் ரூட்டரையும் லைனையும் பற்றி மட்டும்தான். கட் ஆன நேரத்தில் இரண்டு கறுப்பு விண்டோவிலும் என்ன வரி நின்றது என்று ஒரு படமும், ரூட்டர் விளக்குகளின் ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள்.